வாடகைக்கு வீடு: காரைக்காலில் ஒரு ஜூலை பதினான்கு

காரைக்கால் போகிறேன், என்ன பார்க்கலாம், எவ்வளவு செலவாகும் என்று மாதத்துக்கு இரண்டு பேராவது இங்கே கேட்டுவிடுகிறீர்கள். நான் முதல் தடவை போனது 1983 ஜூலை 14 அன்று. ஊர் சுற்ற அல்ல, வீடு தேட. வங்கியில் என் பக்கத்து நாற்காலிக்காரன் மதியழகனுக்குச் சீர்காழியிலிருந்து காரைக்கால் கிளைக்கு மாற்றல் வந்திருந்தது. ஆகஸ்ட் முதல் தேதி சேர வேண்டும். மனைவிக்கு ஆறாம் மாதம். வீடு கிடைக்காவிட்டால் அவளைத் தாய்வீட்டில் விட்டுவிட்டு இவன் லாட்ஜில் கிடக்க வேண்டியதுதான். துணைக்கு வா என்றான், லீவு போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன். இருபத்தாறு வயது, பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர் என்றாலே பாதி வெளிநாடு என்ற நினைப்பு எனக்கு.

காலை 6.40 பஸ். சுமார் நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் மூன்றரை ரூபாய். தரங்கம்பாடி தாண்டிப் பூவத்தில் எல்லை. சிவப்புத் தொப்பி வைத்த போலீஸ்காரரைக் கண்டதும் நான் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிவிட்டேன். பாஸ்போர்ட் கேட்கப் போகிறார்கள், ஒழுங்காக உட்கார் என்று மதி என் சட்டையைப் பிடித்து இழுத்தான். 8.15க்கு இறங்கினோம். ரிக்‌ஷாக்காரர் கோவிந்துவிடம் மதியம் வரைக்கும் எட்டு ரூபாய் பேசினோம்.

"சொல்தா வீட்டுல பின்கட்டு காலியா இருக்குங்க. அங்க மொதல்ல போவோம்," என்றார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர்களை அங்கே சொல்தா என்பார்கள்.

வாசலில் 'வீடு வாடகைக்கு' என்று எழுதிய பலகை தொங்கியது. அன்றைக்குப் பிரெஞ்சுக்காரர்களின் தேசிய தினம். கொடியேற்றத்துக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பிய பெரியவர், கோட்டில் மூன்று பதக்கங்களோடு எங்களை வரவேற்றார். நான் சொக்கிப்போனேன். நீள ரொட்டியும் காபியும் வந்தன. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று பள்ளிக்கூடத்தில் உருப்போட்டதை நான் ஒப்பித்ததும் அவருக்கு ஒரே குஷி.

கதை கதையாகச் சொன்னார். பட்டாளத்தில் எல்லா நிறத்துக்காரனும் ஒரே மேசையில் சாப்பிட்டானாம். பட்டாளத்தை விட்டு வெளியே வந்து, பிரான்சில் துறைமுக ஊர் ஒன்றில் வாடகைக்கு அறை தேடியபோதுதான் வினை. கதவைத் திறந்த அம்மாள் இவர் முகத்தைப் பார்த்தாள். நேற்றுத்தான் ஒருத்தருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று கதவைச் சாத்திவிட்டாள்.

"இல்லன்னு சொன்னதுகூடப் பெரிசில்ல தம்பி. பலகை அங்கயே தொங்குது. அதக்கூடக் கழட்டல பாருங்க," என்றார். இருபது வருஷமாகியும் அவர் குரல் உடைந்தது. எனக்கும் கண் கலங்கிவிட்டது.

பின்கட்டைக் காட்டினார். கிணறு, காற்று, ஒரு முருங்கை மரம். வாடகை நூற்றிருபது. மதியின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். தொட்டில் கட்டும் இடத்தைக்கூடக் கண்ணாலேயே அளந்துவிட்டான்.

திரும்ப வந்து உட்கார்ந்ததும், சீர்காழியில் எந்தத் தெரு என்று பெரியவர் என்னைக் கேட்டார். தெற்கு வீதி என்றேன். அதோடு நிறுத்தினேனா? தாத்தா பெயர், கோயிலில் எங்களுக்கு நடக்கும் முதல் மரியாதை, எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு மதியின் பக்கம் திரும்பினார்.

"எங்க பக்கத்த யாரும் தெருன்னு சொல்றதில்லீங்கய்யா. காலனின்னுதான் சொல்லுவாங்க," என்றான் மதி.

பெரியவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். ரோட்டைப் பார்த்தார். "அடடா, மறந்தே போயிட்டேன். நேத்துதான் ஒருத்தருக்கு வாக்குக் குடுத்தேன் தம்பி."

மதி எழுந்தான். வாசலுக்குப் போய் அந்தப் பலகையை ஆணியிலிருந்து கழற்றினான். கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தான்.

"இது தொங்கவேணாங்கய்யா. அடுத்து வர்றவங்க பாவம்."

நாங்கள் ரிக்‌ஷாவில் ஏறும்போதும் அவர் பலகையை மடியில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

நான் கொதித்துக்கொண்டிருந்தேன். கோவிந்து முஸ்லிம்கள் குடியிருக்கும் தெரு ஒன்றுக்கு ஓட்டினார். முதல் வீட்டுக்காரருக்குத் துபாயில் வேலை. தங்கள் ஆட்களுக்குத்தான் விடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு வீடு தள்ளி இன்னொரு வீட்டில் மாடி காலி, அந்த வீட்டுக்காரருக்கும் துபாய்தான். அவர் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று பேசினார். குடிப்பழக்கம் உண்டா, சம்சாரம் எப்போது வருவார் என்று மட்டும் கேட்டார். அடுத்த மாதமே, இப்போது ஆறு மாதக் கர்ப்பம் என்று மதி சொன்னான்.

"அப்ப மாடி சரிப்படாதுங்க. புள்ளத்தாச்சி படி ஏறக்கூடாது. நாங்க மேல போயிக்கிறோம், கீழ்வீட்ட எடுத்துக்குங்க," என்றார்.

எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது, அத்தனை சந்தோஷம். முன்பணம் இருநூறு. கோவிந்துவுக்குப் பேசியதற்கு மேல் நான்கு ரூபாய் கொடுத்துக் கையையும் பிடித்துக் குலுக்கினேன். சாயங்காலம் கடற்கரையில் இருவரும் பேண்டைச் சுருட்டிக்கொண்டு அலையில் குதித்தோம்.

நாலு நாடு பார்த்தால் மனசு விரியும் என்று நம்பியிருந்தவன் நான். பட்ட பாடு புத்தி தரும் என்றும் நம்பினேன். அன்றைக்குக் காலைக்குள் இரண்டு நம்பிக்கையும் போயின. ஒரே துபாய்க்குப் போனவர்களின் வீட்டில்கூட ஒரு கதவு திறந்தது, ஒன்று மூடியது. ஏன் என்று கேட்டால் இன்றும் எனக்குத் தெரியாது. மணலில் உட்கார்ந்து நான் சொல்தாவைத் திட்டிக்கொண்டே இருந்தேன். மதி சுருட்டியிருந்த பேண்டை இறக்கிவிட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

"அவரு கேட்டாரு, சரி. நீ எதுக்குய்யா சொன்ன?" என்றான்.

இனி நீங்கள் கேட்ட விவரங்கள். பஸ் கட்டணத்தை விசாரித்துக்கொள்ளுங்கள், என் கணக்கு நாற்பது வருடப் பழசு. பூவம் வழியாகப் போனால் இடதுபக்க ஜன்னல் நல்லது. கடற்கரைக்கு ஐந்து மணிக்கு மேல் போங்கள். யாராவது உங்களிடம் எந்தத் தெரு என்று கேட்டால், உங்கள் பதில் கேட்பவருக்குப் பிடித்த பதிலாக இருந்தால், தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள். அடுத்த கேள்வி பக்கத்தில் இருப்பவருக்கு.