போத்தலின் அடியில் சிவப்பு

என் கணவர் தெய்வசிகாமணி தைப்பிங்கில் முப்பத்தோரு வருடம் தண்ணீர் மீட்டர் படித்தவர். மோட்டார் சைக்கிளில் போய், வீட்டுக்கு வீடு வேலியோரம் குனிந்து எண்ணைக் குறித்துக்கொண்டு வருவார். மீட்டர் ஓடும் வேகம் சரியில்லை என்று பட்டால் குழாயில் காதை வைத்துக் கேட்பார். "அம்மா, தரைக்கு அடியில எங்கயோ ஒழுகுது, ஆள் கூப்பிட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவார். அது அவர் வேலையில் சேராது. ஒழுகலை அறிந்த பிறகு சொல்லாமல் இருக்க அவரால் முடியாது என்று நான் நினைத்திருந்தேன்.

ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டன. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் விடிவதற்குள் கிளம்பி, கமுந்திங் சாலையில் இருக்கும் டயாலிசிஸ் நிலையத்தில் நான்கு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான். தேநீர், ரசம், மாத்திரைக்குக் குடிப்பது எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அரை லிட்டர் மினரல் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை நான் காலையில் நிரப்பிச் சாப்பாட்டு மேஜையில் வைப்பேன். அதிலிருந்துதான் எல்லாவற்றுக்கும் எடுக்க வேண்டும்.

"ஊருத் தண்ணிய நான் அளந்தேன். இப்ப என் தண்ணிய நீ அளக்கிற. மீட்டரக் கொஞ்சம் மெதுவா ஓட விடு லா" என்பார்.

மத்தியானத்தில் மழை பிடித்துக்கொண்டால் போர்ச்சில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டால், "பாக்குறதுக்கு அளவு கிடையாதுல்ல?" என்று சிரிப்பார்.

அவருடைய இடது முழங்கைக்கு மேலே இரண்டு இரத்தக் குழாய்களை ஒன்றாகச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். ஊசி குத்துவது அங்கேதான். அந்த இடத்தில் விரலை வைத்தால், தூங்கும் பூனையின் வயிற்றைத் தொட்டது போல ஓர் அதிர்வு தெரியும். அதிர்வு இருக்கும்வரை கவலையில்லை. நின்றுவிட்டால் உள்ளே அடைப்பு. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடினால் எடுத்துவிடலாம், நாள் கடந்தால் முடியாது. அவருடைய குழாய்கள் மெல்லியவை, இந்தக் கை போனால் இன்னோர் இடம் கிடைப்பது கஷ்டம் என்று மருத்துவர் முதல் நாளே சொல்லிவிட்டார். அந்தக் கையால் கனம் தூக்கக்கூடாது, எதையும் பலமாக இழுக்கக்கூடாது.

அவர் விரல் நுனிகள் நோயில் மரத்துப் போயிருந்தன. அதிர்வு அவருக்குத் தெரியாது. தினமும் காலையில் எழுந்ததும் நான்தான் விரலை வைத்துப் பார்ப்பேன்.

"ஓடுதா?"

"ஓடுது."

இரண்டரை வருடம் எங்கள் வீட்டில் பொழுது இப்படித்தான் விடிந்தது.

எங்களுக்கு இருந்தது இருபத்தொரு வயதான சின்னக் கார். அதை அவரே ஓட்டிக்கொண்டு டயாலிசிஸுக்குப் போவார். எங்களுக்குப் பின்வரிசை வீட்டில் இருக்கும் மலாய்க்கார அம்மா மக் சிக் ஜைத்தூனையும் ஏற்றிக்கொள்வார். அவருக்கும் அதே நிலையத்தில் அதே நேரம். எழுபது வயது, சர்க்கரையில் பார்வை முக்கால்வாசி போய்விட்டது, வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. நிலையத்துக்கு ஒரு வேன் உண்டு. அது ஊரெல்லாம் சுற்றி ஆள் ஏற்றும். அதில் போவதென்றால் ஒரு மணி நேரம் முன்னதாகவே வாசலில் போய் நிற்க வேண்டும். "சாமான் மாதிரி ஏத்திக்கிட்டுப் போவான், எனக்கு வேணாம்" என்பார் என் கணவர்.

போன வருடம் ஒருநாள் டயாலிசிஸ் முடிந்து வரும்போது இரத்த அழுத்தம் இறங்கி, சிக்னலில் அப்படியே கண் சொருகிச் சாய்ந்துவிட்டார். பச்சை விழுந்தும் கார் நகரவில்லை. மக் சிக்தான் உலுக்கி எழுப்பியிருக்கிறார். அன்று நான் கண்டிப்பாகச் சொன்னேன்: "இன்னொரு தடவ இந்தக் காடியில எதாச்சும் ஒண்ணுன்னா, சாவி என் கைக்கு வந்துடணும். அப்புறம் வேன்தான்."

"சரி, சிக்கு" என்றார். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அக்கம்பக்கத்தில் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் நான் சிக்கு. என்னைக் கேலி செய்யும்போது அவரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

இனி சொல்லப்போவதில் பெரும்பகுதி எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சீனப் பெருநாளுக்கு ஐந்து நாள் இருக்கும்போது கார் சத்தம் போட ஆரம்பித்தது. முதலில் கேட்டவர் மக் சிக்.

"மணி, ஒன் காடி ஏன் முனகுது? கெட்டுப்போனது எதையாச்சும் தின்னுடுச்சா?"

"வயசாயிடுச்சு, மக் சிக்."

"எனக்கும்தான் வயசாயிடுச்சு. நான் என்ன முனகிக்கிட்டா இருக்கேன்?"

"ஊசி குத்துற நேரத்துல வந்து கேட்டுப் பாருங்க."

அவர் போனபோது மெக்கானிக் ஆ சோங்கின் பட்டறையில் இரண்டு கார் தூக்கும் மேடையிலும் நான்கு கார் வாசலிலும் நின்றன. பெருநாளுக்கு ஊருக்குப் போகிறவர்கள் எல்லோரும் அங்கேதான். ஆ சோங் மூடியைத் தூக்கி, எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணே, பவர் ஸ்டீயரிங் பம்ப்பு போச்சு. உள்ள சீல் கிழிஞ்சு ஒழுகுது. ஒன் காடிக்கு இப்பப் புதுசு வராது. பொத்தோங் கடையில பழைய காடிய வெட்டுனா கிடைக்கும். அவன் நேத்தே கதவ சாத்திட்டான். பெருநாள் பதினஞ்சாம் நாள்தான் திறப்பான்."

"அதுவரைக்கும்?"

"எண்ணெய் குறையாமப் பாத்துக்க. காலையில ஊத்திட்டு ஓட்டு. ஓடும்போது ஒண்ணும் தெரியாது. நின்ன இடத்துல திருப்புனா கல்லு மாதிரி இருக்கும். ஒனக்குக் கை ஆகாதே, அண்ணே. வேற காடி இல்லையா?"

"ஒரு கையிலயே நான் ஊரு பூரா மோட்டார் ஓட்டுனவன் லா" என்று சொல்லிவிட்டு ஒரு டின் எண்ணெயை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

அந்த எண்ணெய் சிவப்பு நிறம்.

டின்னை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. மக் சிக்கின் பின்கட்டில் வைத்துவிட்டார். எங்கள் சிங்க் அடியில் கிடந்த காலிப் போத்தல் ஒன்றை எடுத்து, தேவையானதை மட்டும் அதில் ஊற்றிக் காரின் பின்பெட்டியில் ஒளித்து வைத்தார். விடிவதற்கு முன் போர்ச்சில் டார்ச் வெளிச்சம் அசைவதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். டயரில் காற்று பார்த்தேன் என்றார்.

வழியையும் மாற்றியிருக்கிறார். வளைவு குறைந்த சுற்றுவழியில் போய், பின்னால் எடுக்கத் தேவையில்லாதபடி சாலையோரத்தில் நேராக நிறுத்துவார். ஓடும் காரை அவரால் சமாளிக்க முடிந்தது.

பெருநாள் பத்தாம் நாள் வியாழக்கிழமை. அவர் பசாரிலிருந்து வந்ததும், அரிசிப் பையை எடுக்க நான் பின்பெட்டியைத் திறந்தேன். பழைய துணிக்கு அடியிலிருந்து ஒரு போத்தல் உருண்டு வந்தது. நான் தினமும் நிரப்பி வைக்கும் அதே அரை லிட்டர் போத்தல். காலி. அடியில் மட்டும் சிவப்பாக ஒரு வளையம்.

எங்கள் ஊரில் கல்யாணம், காதுகுத்து, பெருநாள் எதுவானாலும் ஐஸ் போட்ட ரோஜாச் சிராப் இல்லாமல் இருக்காது. எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. மூடியைத் திறந்து மோந்துகூடப் பார்க்கவில்லை.

"என்னங்க இது?"

அவர் போத்தலைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். ஒரு நொடிதான்.

"சிராப்" என்றார்.

"சிராப்பா?"

"பசார்ல வித்தான். வாய் கேக்கல."

"எத்தன நாளா நடக்குது இது? விடியகாலையில டார்ச்சு அடிச்சுக்கிட்டு இதத்தான் குடிக்கிறீங்களா? யாருக்காக நான் சொட்டுச் சொட்டா அளந்து வைக்கிறேன்?"

"நல்லா இனிப்பா இருந்துச்சு" என்றார், தலையைக் குனிந்துகொண்டு. சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குப் பட்டது. கோபம் தலைக்கேறியது. போத்தலைக் குப்பையில் போடப் போனேன்.

"அதப் போட்டுடாத. வேணும்."

"எதுக்கு? நாளைக்குக் குடிக்கவா?"

நான் போத்தலை மிதித்து நசுக்கிப் போட்டேன்.

டயாலிசிஸ் நிலையத்தில் ஒரு பச்சைப் புத்தகம் கொடுப்பார்கள். ஒவ்வொரு தடவையும் எடை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தாதி அதில் எழுதுவார். கள்ளத்தனமாகக் குடித்திருந்தால் எடை காட்டிக்கொடுத்துவிடும். அந்த இரண்டு வாரமும் அவருக்கு ஏறிய எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டவில்லை. புத்தகம் அடுப்படி இழுப்பறையில்தான் கிடந்தது. நானும் அதைத் திறந்து பார்த்தேன். பார்த்துவிட்டு, இதிலும் ஏதோ தில்லுமுல்லு செய்திருக்கிறார் என்று மூடி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் அவர் கையைத் தொடவில்லை. அவர் கட்டிலில் கையை நீட்டி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து போய்விட்டார். சனிக்கிழமையும் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவரே வந்து, "மீட்டர் படிக்க ஆள் வரலையே" என்றார். நான் பள்ளி நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை.

திங்கட்கிழமை காலையில் என் கோபம் போய்விட்டிருந்தது. அவர் சட்டை போடுவதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து விரலை வைத்தேன். தோல் மட்டும்தான் தெரிந்தது. கொஞ்சம் மேலே வைத்தேன். கீழே வைத்தேன். உள்ளங்கையையே வைத்துப் பார்த்தேன்.

"ஓடுதா?" என்றார்.

ஆஸ்பத்திரியில், அடைத்து இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும், கட்டி இறுகிவிட்டது என்றார்கள். வெள்ளிக்கிழமை காலை ஊசி குத்தும்போது ஓடியிருக்கிறது. அதன் பிறகு எப்போதோ நின்றிருக்கிறது. காரணம் கேட்டேன். அழுத்தம் இறங்கியதால் இருக்கலாம், கைக்குப் பலமாக வேலை கொடுத்ததால் இருக்கலாம், காரணமே இல்லாமலும் நடக்கும் என்றார் மருத்துவர். கழுத்தில் குழாய் வைத்தார்கள். அதன் பிறகு டயாலிசிஸுக்கு வேனில்தான் போய் வந்தார். ஏழாம் வாரம் அந்தக் குழாய் வழியாகக் கிருமி புகுந்தது. காய்ச்சல் விடவில்லை.

வார்டில் படுத்திருந்தபோது ஒருநாள், "ஆ சோங் கட திறந்துட்டானா?" என்று கேட்டார்.

"எதுக்கு?"

"சும்மா கேட்டேன்."

காய்ச்சலில் உளறுகிறார் என்று நினைத்துக்கொண்டு நெற்றியைத் துடைத்தேன். நாலாம் நாள் போய்விட்டார்.

கருமாதிக்குப் பந்தல் போட வந்தவர்கள், போர்ச்சில் நிற்கும் காரை எடுக்கச் சொன்னார்கள். இரண்டு மாதமாக அது நின்ற இடத்திலேயே நின்றது. நான் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தேன். அடிபட்ட மிருகம் போல ஒரு முனகல் வந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பினேன், திரும்பவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன், தோள் வலித்தது. சக்கரம் ஒரு சாண் அசைந்திருக்கும். என் இரண்டு கையும் நல்ல கை.

அப்படியே உட்கார்ந்திருந்தேன். பந்தல்காரர் கண்ணாடியைத் தட்டி, "சிக்கு, என்னாச்சு?" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறது.

ஆ சோங் வந்து மூடியைத் தூக்கிப் பார்த்தான். "இத இன்னுமா மாத்தல? பதினஞ்சாம் நாளே பொத்தோங் கடையில பம்ப்பு எடுத்து வெச்சேன், சிக்கு. அண்ணன் வரவே இல்ல. வேற எங்கயோ மாத்திட்டாருன்னு நெனச்சேன்." பின்பெட்டியில் ஸ்பானர் எடுக்கப் போனவன் ஒரு போத்தலைத் தூக்கிக் காட்டினான். "எண்ணெய் இருக்கே இன்னும்."

நான் நசுக்கிப் போட்டதற்குப் பதிலாக அவர் எடுத்து வைத்த இன்னொரு போத்தல். பாதிவரை சிவப்பு. மூடியைத் திறந்தேன். எண்ணெய் நாற்றம் அடித்தது.

கருமாதியன்று மக் சிக் ஜைத்தூன் வந்திருந்தார். எல்லோரும் போகும்வரை ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டேன். அவர் ஒன்றையும் மறைக்கவில்லை.

"அந்த வெள்ளிக்கிழம யாரோ ஒருத்தன் நம்ம காடிய மறிச்சு நிறுத்திட்டுப் போயிட்டான், சிக்கு. மணி முன்னாலயும் பின்னாலயும் திருப்பித் திருப்பி எடுத்தான். அப்பத்தான் ஊசி எடுத்து கட்டுப் போட்ட கை. பல்லக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. நானும் பக்கத்துல இருந்து பிடிச்சு இழுத்தேன். குருட்டுக் கிழவி, என் பலம் எவ்ளோ?"

"எங்கிட்ட ஏன் சொல்லல, மக் சிக்?"

"சொல்லாதன்னான். சிராப்புக்குத் திட்டு வாங்குனதயும் சொன்னான். சொல்லிச் சொல்லிச் சிரிச்சான். உண்மையச் சொல்லித் தொலைன்னேன். இல்ல மக் சிக், சிராப்புன்னா அவ நாலு நாள் பேசமாட்டா, அஞ்சாம் நாள் சரியாயிடுவா. காடின்னு தெரிஞ்சா சாவி போயிடும்னான்."

நாலு நாள். என்னை அவர் சரியாகத்தான் அளந்து வைத்திருந்தார்.

பம்ப்பை மாற்றி மறுநாள் காரைக் கொண்டுவந்து விட்டான் ஆ சோங். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை பள்ளி விடுமுறை. மக் சிக்கை டயாலிசிஸுக்கு நானே அழைத்துப் போனேன். ஸ்டீயரிங் ஒரு விரலுக்குத் திரும்பியது. நான் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன். முனையில் வண்டி வளையும்போது மக் சிக் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார்.

"சத்தமே வரலையே, சிக்கு. ஓடுதா?"

"ஓடுது" என்றேன்.