கவாத்துக் கத்தரிக்கு வாய்த்த பிடி

எனக்குக் கல்யாணமாகி பந்தல்குடிக்கு வந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். என் கணவர் தூத்துக்குடி ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருந்தார். வீட்டுக்குப் பின்னால், கிணற்றை நம்பி நாற்பது குழி மல்லிகை. மார்கழியில் செடிகளின் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்ய வேண்டும். அதற்காக மதுரையிலிருந்து ஒரு கத்தரி வாங்கி வந்தார்.

அந்தக் கத்தரி யார் கையை நினைத்துச் செய்ததோ தெரியவில்லை. சுருள்கம்பி தள்ளித் தள்ளி, கைப்பிடி இரண்டும் கோழி றெக்கை மாதிரி விரிந்து நின்றன. என் விரல்கள் அந்தப் பக்கம் எட்டவே இல்லை. நாலு செடி வெட்டுவதற்குள் உள்ளங்கையில் கொப்புளம்.

"கத்தரி நல்ல கத்தரி. பிடிதான் சரியில்ல. ஒரு கைக்கு மட்டும் செஞ்சாப் பத்தாது, எல்லாக் கைக்கும் தோதா செய்யணும்" என்றார் என் கணவர்.

கண்மாயிலிருந்து களிமண் எடுத்து வந்தார். கடைக்கு யார் வந்தாலும் முதலில் ஓர் உருண்டையை இறுக்கிப் பிடித்துக் கொடுக்க வேண்டும். அப்புறம்தான் பஞ்சர்.

"காத்தடிக்க வந்தா கைரேகையா பாக்குறீக?" என்று கேட்டார் சைக்கிளில் வந்த ஒரு லாரி டிரைவர். அவர் பிடித்த பிடியில் மண் முழுக்க விரலிடுக்கு வழியாக வெளியே வந்துவிட்டது. அவர் கைக்கு அளவே கிடைக்கவில்லை.

மிச்சம் தேறிய பதினோரு உருண்டைகளை முறத்தில் அடுக்கி அடுப்படியில் காய வைத்தேன். அன்றைக்குப் பார்த்து பரளச்சியிலிருந்து என் சின்ன மாமனார் வந்தார். நான் தண்ணீர் மொண்டு வருவதற்குள் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டார். விரல் தடத்தோடு பார்க்க அச்சாகப் பிடிகொழுக்கட்டைதான். புது மருமகள் மனம் நோகக் கூடாதென்று துப்பாமல் மென்றார்.

"வெல்லம் கொஞ்சம் கம்மி தாயி" என்றார்.

நான் சிரிப்பை அடக்கப் புறவாசலுக்கு ஓடினேன்.

மீதிப் பத்தையும் ஆசாரியிடம் கொண்டுபோய், எல்லாவற்றுக்கும் நடுவாந்தரமாக வேப்பங்கட்டையில் பிடி செய்து மாட்டினார் என் கணவர். அது எனக்குப் பொருந்தவில்லை. அவருக்கும் இல்லை. மண் பிடித்துக் கொடுத்த ஒருவர் கைக்கும் பொருந்தவில்லை. மூன்று நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

நாலாம் நாள் கட்டையைக் கழற்றி எறிந்தேன். கடையில் கிடந்த பழைய டியூபில் ஒரு வளையம் வெட்டி, பழைய பிடிகள் இரண்டையும் சேர்த்து மாட்டினேன். கத்தரி என் கைக்கு எட்டுகிற அளவுக்கு மட்டும் விரிந்தது. பொழுது சாய்வதற்குள் இரண்டு வரிசை முடித்தேன்.

அவர் வந்து பார்த்தார். இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தார். கத்தரியைக் கையோடு கடைக்குக் கொண்டுபோனார்.

மறுநாள் சோறு கொண்டு போனபோது, காற்றடிக்க வந்த ஒருவரிடம் வளையத்தைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்: "லேசுப்பட்ட வேலையில்லண்ணே. பதினோரு கைய அளந்து பாத்துல்ல இதக் கண்டுபிடிச்சோம்."