கட்டி கழுவ வந்த மாம்புரித் தண்ணீர்

பாய்லர் நின்று கிடந்தது. புகையின் நஞ்சை முறிக்கும் கட்டிகளைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தோம்; பாதி இன்னும் தூசியோடு இருந்தன. அந்த நேரம் பார்த்து ஆலையில் உப்பு நீக்கிச் சுத்தத் தண்ணீர் எடுக்கும் மெஷின் பழுதாகிவிட்டது.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். உப்பளத்தில் தொடங்கி, ஐஸ் பெக்டரியில் அமோனியா மணத்தோடு பழகி, இந்த வேலைக்கு வந்தேன். கட்டி கழுவ இந்தக் கரையில் என்னை விட்டால் ஆளில்லை. சொல்ல எனக்கென்ன வெட்கம்!

கட்டி தேன்கூடு போல ஓட்டை ஓட்டையாக இருக்கும். டைட்டேனியம் ஒக்சைட், வெனேடியம் ஒக்சைட் சேர்த்துச் சுட்டது. பாய்லர் புகையில் அமோனியாவைக் கலந்து அந்த ஓட்டைகளுக்குள்ளால் விட்டால், நைட்ரஜன் ஒக்சைட் என்ற நஞ்சு வெறும் நைட்ரஜனும் நீராவியுமாகிவிடும். கட்டி செத்தால் நஞ்சு ஊருக்குள் இறங்கும். பாய்லருக்கு சீல் விழும். என்னோடு கழுவும் ஆட்களைப் பிறகு யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்?

மனேஜர் எங்கேயோ கேட்டு ஒரு தண்ணீர் லொறியை, பவுசரை, வரவழைத்தார். ஓட்டி வந்தவன் நிஸ்தார், என் மனைவியின் தம்பி.

"மச்சான், மாம்புரிக் கிணத்துத் தண்ணி. ஊரே தேத்தண்ணி போட்டுக் குடிக்கிது. நாக்குல வெச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தேன். உப்புக் கிணற்றையும் நல்ல கிணற்றையும் ஒரு சொட்டில் பிரிக்கிற நாக்கு என்னுடையது. கரிப்பே இல்லை.

என்னை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் என்ஜினியர் மிஸ் மறித்தார். "வேணாம் நானா. கொஞ்ச உப்பெண்டாலும் கட்டிக்கு நஞ்சு. உள்ள ஒட்டினா அமோனியா வேலை செய்யாது."

மனேஜருக்குக் கடுப்பு. "நாளைக்குப் பாய்லருக்கு நெருப்பு ஏத்தணும் மிஸ்! நானா, உங்கட நாக்கு என்ன சொல்லுது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். 'நல்ல தண்ணி' என்று சொன்னால் மச்சானுக்கும் மனம் குளிரும். ஆனால் தண்ணீர் வற்றினால்தான் உப்பு முகம் காட்டும் என்பதை உப்பளத்தில் கண்டவன் நான்.

கன்டீனில் பொரிக்கிற கறுத்த இரும்புத் தாச்சி ஒன்றை வாங்கி, அடுப்பில் வைத்து, அந்தத் தண்ணீரை வற்றவிட்டேன். அடியில் வெள்ளை வளையம். கழுவித் துடைத்து, மெஷின் தண்ணீரில் மிச்சமிருந்ததை ஊற்றி வற்றவிட்டேன். தாச்சி கறுப்பாகவே இருந்தது.

"முதல்ல தாச்சி ஊத்தையா இருந்திருக்கும்," என்றான் நிஸ்தார்.

"அப்ப இந்தா, நீயே கழுவி உன்ட தண்ணிய நீயே ஊத்து."

ஊற்றினான். வற்றியதும் திரும்பவும் வெள்ளை.

"எங்கட கிணத்துட மானமே போச்சு மச்சான்."

"கிணத்துக்கு ஒண்டுமில்லடா. நீ குடி. கட்டிக்குக் குடுக்காத."

மனேஜர் அந்த வெள்ளையை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "கரிக்கிது," என்றார். பாய்லர் ஏற்றுவதைத் தள்ளிப்போட்டார்.

சுத்தத் தண்ணீர் வெளியூரிலிருந்து வந்தது. ஏற்றி வந்ததும் நிஸ்தார்தான். மிஸ் முன்னால் நின்று பவுசரை உள்ளே அலம்பவைத்த பிறகு. கட்டிகளைக் கழுவி முடித்துப் பாய்லரை ஏற்றி, அமோனியா வால்வைத் திறந்ததும் புகை மீட்டரில் நைட்ரஜன் ஒக்சைட் எண் சரசரவென்று இறங்கியது.

என் நாக்கு இன்றும் இந்தக் கரையில் முதல் நாக்குத்தான். ஆனால் அது தேத்தண்ணிக்குத் தீர்ப்புச் சொல்கிற நாக்கு. கட்டி கழுவப் போகிறவர்கள் தண்ணீரை முதலில் தாச்சியில் வற்றவிட்டுப் பாருங்கள். கொண்டு வந்தவன் மச்சானாக இருந்தால் இரண்டு தரம் வற்றவிடுங்கள்.