ஒரு தேயிலைத் தளிரின் சாட்சி

நான் சிவநேசன், பதுளையிலுள்ள ஒரு மறுவாழ்வு நிலையத்தில் இயன்மருத்துவப் பிரிவுக்குப் பொறுப்பானவன். என்னோடு பன்னிரண்டு ஆண்டுகள் பணியாற்றிய பரீதா மிஸ் கண்டறிந்த ஒன்றையும், அதில் நான் செய்த பிழையையும் அவரை அறிந்தவர்கள் முன் எழுதிவைப்பதே என் நோக்கம்.

சென்ற செவ்வாய் காலை, ஒளிச் சிகிச்சை அறையைத் திறக்கும்போது பரீதா மிஸ்ஸின் தம்பி தொலைபேசியில் அழைத்தார். "சார், ராத்தா மவுத்தாகிட்டா" என்றார். அக்கா இறந்துவிட்ட செய்தி. சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

முன்பு மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சிகிச்சைக்கு வந்த முத்தம்மாவை நினைத்துக்கொண்டேன். விறகு வெட்டும்போது கத்தி பட்டு மணிக்கட்டில் நரம்பு அறுந்து, தைத்து, காயமும் ஆறியிருந்தது. படிவத்தில் உள்ளபடி, வலி இருக்கிறதா என்று கேட்டேன். "இல்லைங்க சார்" என்றார். வலியின் அளவு பூச்சியம் என எழுதி, வேலைக்குத் தகுதி என்று கையொப்பமிடப் போனேன்.

பரீதா மிஸ் தடுத்தார். "சார், காலையில பேர் பதியிற பெரட்டுல நோவுதுன்னு சொன்னா வேலைக்குப் பேர் விழாது. அந்தப் பயத்துல இவங்களுக்கு நீங்களும் கங்காணியும் ஒண்டுதான்."

முற்றத்துத் தேயிலைச் செடியில் ஒரு தளிரைக் கிள்ளிவந்து முத்தம்மாவின் உள்ளங்கையில் மெல்ல வைத்தார். நெருப்புப் பட்டதுபோல் அவர் கையை இழுத்துக்கொண்டார். கொழுந்து பறித்து வாழ்பவருக்குக் கொழுந்து பட்டால் எரிகிறது; அதை என் பூச்சியம் மறைத்திருந்தது.

ஒளிச் சிகிச்சை தொடங்கியது. "சூடே இல்லையே மிஸ். டோர்ச் அடிக்கிற மாதிரி இருக்கு" என்றார் முத்தம்மா.

"காயம் பட்டதும் காவலுக்குன்னு உடம்புல உள்ள செல்லெல்லாம் நரம்பச் சுத்தி ஓடி வரும். காயம் ஆறினது தோலுக்குத் தெரியும். அதுகளுக்கு யாரும் சொல்லல்ல, இன்னும் சண்டை பிடிச்சிக்கிட்டு நிக்கிது. இந்த வெளிச்சம் அதுகள அமத்துது."

"எங்க மாமியாளுக்கும் ஒரு தடவ அடிங்க மிஸ்."

ஒளி மட்டுமே குணப்படுத்தியது என்று நான் சான்று தரமாட்டேன். எல்லோருக்கும் அது பலித்ததுமில்லை. ஆனால் ஒன்பதாவது வாரம் தளிர் முத்தம்மாவின் கையில் அப்படியே கிடந்தது. அவர் அதைப் புரட்டிப் பார்த்தார். "முத்தல் இலை மிஸ். இதப் பறிச்சா கங்காணி ஏசுவாரு."

கண்ணுக்குத் தெரியாத ஒரு போர் அந்த உள்ளங்கையில் ஓய்ந்திருந்தது. நான் பேனாவை எடுக்க மறந்து நின்றேன்.

தளிர்ச் சோதனைக்குப் படிவத்தில் ஒரு வரி சேர்க்கும்படி பரீதா மிஸ் பலமுறை கேட்டார். மேலிட அனுமதி வேண்டும் என்றேன். அனுமதி கேட்டு ஒரு கடிதமும் எழுதவில்லை. "வாய் சொல்றத மட்டும் எழுதாதீங்க சார். கையையும் கேளுங்க" என்பார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்தச் சொல்லைத்தான்.

அந்தக் கடிதத்தை இன்று எழுதி அனுப்பிவிட்டேன். பதிலுக்குக் காத்திருக்கப் போவதில்லை. திங்கட்கிழமை முதல், தளிரை வைத்துப் பார்க்காமல் எந்தக் கைக்கும் பூச்சியம் எழுதமாட்டேன்.