அறுபட்ட பச்சை வண்டி

ஆஸ்பத்திரியில் அவருக்குப் பெயரே எக்ஸ்ரேக்காரர்தான். முப்பத்தொரு வருடம் ஊரார் எலும்பைப் பார்த்தும் மனிதர்கள் மேல் அவருக்குப் பெரிய பிடிப்பு வரவில்லை. பிடிப்பெல்லாம் பழைய பிக்கப் வண்டிகள் மேல்தான். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு ஆறு வண்டிகள் வைத்திருந்தார். வாங்கும்போது ஒவ்வொன்றும் கோழி அடைகிற கதியில் இருந்தவை. துருவைச் சுரண்டி, தகரம் வைத்து ஒட்டி, பட்டி பூசித் தேய்த்து, அந்த வண்டி பிறந்தபோது இருந்த நிறத்தையே தேடிப் பிடித்து அடிப்பார். நிறத்தை மாற்றுகிறவனைக் கண்டால் ஆகாது. வேறு எஞ்சின் மாட்டுகிறவனோடு முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

ஆறில் உசத்தி, பச்சை வண்டி. மூன்று வருட உழைப்பு. மகள் கல்யாணத்தின்போது யாரும் கேட்காமலே சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டார். மாற்றுச் சாவியை மட்டும் தன் பையிலேயே வைத்துக்கொண்டார்.

பத்து மாதம் கழித்து ஒருநாள் காலை, சம்பந்தியின் மரச்சாமான் கடை வாசலில் அந்த வண்டியைப் பார்த்தார். கேபினின் பின்பக்கத் தகரத்தைக் காணோம். அறுத்தெடுத்துவிட்டு, ஓட்டுகிறவர் தோள் வரைக்கும் நீளப் பலகைகளை நீட்டி அடுக்கியிருந்தார்கள். அறுத்த விளிம்பைத் தேய்க்கக்கூட இல்லை.

"யார் கை வச்சது?"

சம்பந்தி அளவுநாடாவைச் சுருட்டிக்கொண்டே வெளியே வந்தார். "வாங்க சம்பந்தி. முதல்ல உக்காருங்க."

"உக்கார வரல. அறுத்த கை எதுன்னு கேக்குறேன்."

"வண்டின்னா சாமான் ஏத்தணும். கண்ணாடிப் பெட்டியில வச்சுப் பாக்க அது என்ன பொம்மையா?"

"மரத்தை அறுத்து அறுத்து மனசும் கட்டையாயிடுச்சு உங்களுக்கு!"

"வார்த்தைய அளந்து பேசுங்க. நீங்க நிக்கிறது என் கடை வாசல்."

"கடையும் வேணாம், வாசலும் வேணாம்" என்றவர், பலகைகளை ஒவ்வொன்றாக இழுத்துத் தெருவில் தள்ளினார். கடையாட்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, மாற்றுச் சாவியைப் போட்டு வண்டியை வீட்டுக்கு ஓட்டிவந்துவிட்டார்.

ஒரு மணி நேரத்தில் மகள் வந்து நின்றாள். அவர் வண்டிக்கு அடியில் படுத்து, கேபின் ஆட்டம் கண்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் டயரை எட்டி உதைத்தாள்.

"மாத்துச் சாவியக் குடுங்க."

வெளியே வந்தார். "உன் மாமனார் பண்ண வேலையப் பாத்தியா?"

"அவர் பண்ணல. அறுக்கச் சொன்னதே நான்தான். கடைக்கு நீளப் பலகை ஏத்தணும். 'வேணாம்மா, உங்கப்பா மனசு உடைஞ்சுடும்'னு அவர்தான் தடுத்தாரு. இப்பவும் உங்ககிட்ட என்னைக் காட்டிக்குடுக்கல பாருங்க."

அவர் திரும்பி, அறுத்த விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"சின்ன வயசுல உங்க மூஞ்சி எனக்கு ஞாபகமே இல்லப்பா. வண்டிக்கு அடியில நீட்டிட்டிருக்கற ரெண்டு காலுதான் ஞாபகம். பரீட்சையில பாஸானத அந்தக் காலுகிட்டதான் சொன்னேன். 'பத்தாம் நம்பர் ஸ்பேனரக் குடு'ன்னு கை மட்டும் வெளிய வந்துச்சு."

பதில் கிடைக்காதபோதெல்லாம் அவருக்குக் கோபம்தான் வரும். இப்போதும் வந்தது.

"அதுக்குப் பழி வாங்கத்தான் அறுத்தியா?"

"பலகை ஏத்தத்தான் அறுத்தேன். ஆனா அறுக்கும்போது நல்லா இருந்துச்சு."

சாவியைத் தரையில் வீசினார். "எடுத்துட்டுப் போ. நான் இருக்கற வரைக்கும் இந்த வாசப்படி மிதிக்காத."

சமையலறை ஜன்னலிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "வாசப்படி உங்களுக்கு மட்டும் எழுதி வச்சதில்லைங்க."

மகள் குனிந்து சாவியை எடுத்தாள். முதல் கியரில் வண்டி உறுமிக்கொண்டு போன விதத்தில் கிளட்சை அவள் பாழாக்குவது தெரிந்தது. சொல்ல வாயெடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டார்.

சம்பந்தியிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லி மனைவி மூன்று நாள் நச்சரித்தாள். அவர் போகவில்லை. வீம்பு அவருக்கு ரத்தத்தோடு கலந்தது. அப்பாவும் மகளும் பேசி இப்போது இரண்டு வருடம் ஆகிறது.

மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைப் பார்க்க வருகிறாள், அவர் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து. அது அவருக்கும் தெரியும்; அவள் சாயங்காலம்தான் திரும்புவாள் என்பதும் தெரியும். அதனால் ஞாயிறு காலை எட்டு மணிக்கெல்லாம் உதிரிபாகச் சந்தைக்குக் கிளம்பிவிடுகிறார். வாங்க எதுவும் இல்லாத வாரமும் அங்கேதான் இருக்கிறார்.

"என்ன சார் வேணும்? காலையிலேருந்து சும்மாவே உக்காந்திருக்கீங்க" என்று கடைக்காரர் ஒருநாள் கேட்டார்.

"உன் கடைத் துருவ நான் பாத்தா உனக்கென்னய்யா குறைஞ்சுபோச்சு?" என்று எரிந்து விழுந்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்றுதான் ஆகியிருந்தது. பழைய டயர் ஒன்றை இழுத்துப் போட்டு மறுபடியும் உட்கார்ந்தார்.