மகளின் பங்கு விடுபட்ட காணி

காலை ஆறு பத்து. பின்கதவைத் திறந்தேன். முதலில் கண்டது எங்கள் ஆட்டை. கழுத்து அறுபட்டு, மிளகுக் கொடிகளுக்கு நடுவே கிடந்தது. கொடிகளையும் அடியோடு வெட்டியிருந்தார்கள்.

யட்டவத்தயில் அந்தக் காணியை வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. விற்றவர்கள் இரண்டு சகோதரர்கள். அவர்களுடைய வாப்பா மௌத்தான பிறகு, தகப்பன் சொத்தாக அவர்களுக்கு வந்த காணி. எங்கள் சட்டத்தரணி பதிவகத்தில் தேடிப் பார்த்தார். வாப்பாவின் பெயரிலிருந்த உறுதிப் பத்திரம் சுத்தமாக இருந்தது. அடகு இல்லை, வழக்கு இல்லை. ஆனாலும் அவர்களுடைய தங்கை மகன் ரியாஸ் அடிக்கடி வந்து சண்டை பிடித்தான். ஜன்னலை உடைத்தான். குடிகாரன், பொருட்படுத்தாதீர்கள் என்றார்கள் மாமன்மார்.

அன்று அவன் வேலியருகிலேயே நின்றான்.

"இது எங்கட உம்மாட காணி. ஆட்டுக்கு நடந்தது ஒங்களுக்கு நடக்க எவ்வளவு நேரம்?"

"பேசித் தீர்ப்போம் தம்பி" என்று என் கணவர் நஸீர் கையை நீட்டினார். ரியாஸின் கத்தி அந்தக் கையில் இறங்கியது. இரண்டு விரல்கள் மண்ணில் விழுந்தன. அவன் மறுபடி ஓங்கினான். நான் மண்வெட்டியால் அவன் முழங்காலில் அடித்தேன். எலும்பு முறிவது கேட்டது.

இருவரையும் மாத்தளை ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனார்கள். என் உடுப்பில் இரண்டு பேருடைய இரத்தமும் இருந்தது. வராந்தாவில் உட்கார்ந்து துஆ கேட்டேன். காணியைக் காப்பாற்று என்று கேட்க நா வரவில்லை. "யா அல்லாஹ், இது யாருடையது என்று தெளிவாக்கு. ஹலாலானது மட்டும் எங்களிடம் இருக்கட்டும்." அவ்வளவுதான் கேட்டேன்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு பல்லேகமவிலிருந்து ஒரு பெண் வந்தார். ரியாஸின் உம்மா.

"மகள், வெட்டினது என்ட மகன். அவன பொலிஸ் பாத்துக்கட்டும், நான் மன்றாட வரல. ஆனா அந்தக் காணில எனக்கும் பங்கு இருக்கு. காணிய வித்த நானாமார்ட்ட கேட்டேன். 'சீதனம் வாங்கிட்டுப் போனவ, இன்னும் என்ன? கூரையையும் கழட்டித் தரவா?'ன்னு சிரிச்சாங்க."

சீதனம் கொடுத்தால் வாரிசுப் பங்கு போய்விடாது. எங்கள் ஊர்களில் பலர் போய்விடும் என்றே நினைக்கிறார்கள். சட்டத்தரணி இம்முறை வாப்பாவின் மரணத்திலிருந்து தொடங்கி, பிள்ளைகள் யார் யார் என்று விசாரித்தார். மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற எங்கள் வாரிசுக் கணக்கில், ஐந்தில் ஒரு பங்கு அந்தப் பெண்ணுடையது. அண்ணன்மார் அதை விற்கவே முடியாது. அவர்கள் சொல்லை நம்பி, மகளுக்குப் பங்கு உண்டா என்று எவரும் கேட்டிருக்கவில்லை.

நில அளவையாளர் ரியாஸின் உம்மாவுடைய பங்கைப் பிரித்துக் கல் நட்டார். எங்களிடம் மிஞ்சியது முன்பைவிடக் குறைவு. அதில் பயமில்லாமல் தூங்குகிறோம். அல்ஹம்துலில்லாஹ். காணி வாங்கப் போகும் சகோதர சகோதரிகளே, அல்லாஹ்விடம் தெளிவைக் கேளுங்கள், தருவான். தருவது நீங்கள் விரும்பியதாக இல்லாவிட்டாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ரியாஸ் மீதான வெட்டு வழக்கு இன்னும் நடக்கிறது. நீதிமன்றத் தவணை நாட்களில் நானும் ரியாஸின் உம்மாவும் ஒரே பஸ்ஸில் போகிறோம்.