சரி என்று சொன்னவள்

அத்தானைப் பழிவாங்க வேண்டும் என்று அவள் முடிவு செய்தது ஒரு சாப்பாட்டு மேசையில். முடிவு என்றுகூடச் சொல்ல முடியாது. கையிலிருந்த தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தபோது உள்ளே ஏதோ ஒன்று இடம் மாறி உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். அலுவலகத்தில் அவளுக்கு மேலதிகாரியும் அவர்தான். ஊருக்கு வெளியே, கம்பி வேலி போட்ட வளாகத்தில், அவர்களுடைய ஆராய்ச்சிக்கூடம். அதன் நடுவில் மாடி வீட்டு உயரத்துக்கு ஓர் இரும்பு வளையம். அதற்குள் வாயுவைச் சூரியனைவிடச் சூடாக்க வேண்டும், சுவரில் படாமல் காந்தத்தால் பிடித்து நிறுத்த வேண்டும், அணுக்களை ஒன்றோடொன்று சேர வைத்து ஒருநாள் மின்சாரம் எடுக்க வேண்டும். அந்த ஒருநாள் எப்போது என்று யாரும் கேட்கக்கூடாது. அவ்வளவு சூட்டில் வாயு பிளாஸ்மா ஆகிவிடும். அதைச் சூடேற்ற ரேடியோ அலைகளை உள்ளே அனுப்பும் பிரிவுக்கு அத்தான் தலைவர். உள்ளே நுழைந்த அலை எந்த வழியாகப் போகும், எங்கே போய்ச் சேரும் என்று கணக்குப் போடுவது அவள் வேலை.

"நான் இல்லேன்னா இவ இன்னும் டியூஷன் எடுத்துக்கிட்டு இருப்பா" என்பார் அத்தான், விருந்தாளி யார் வந்தாலும். வேலைக்கான விளம்பரம் வந்த செய்தித்தாளை நீட்டியது அவர். பரீட்சை எழுதியது அவள். ஆனால் நீட்டிய கைதான் எல்லோருக்கும் தெரிந்தது.

டம்ளரைக் கீழே வைத்த அன்று காலையில்தான் கூடத்தின் மொத்தக் கூட்டத்தில் அவள் முதன்முறையாக எழுந்து பேசியிருந்தாள். அத்தானின் திட்டம் சுத்தமானது. பிளாஸ்மாவுக்குள் சில சமயம் ஒரு சின்னக் கோளாறு முளைத்து வளரும். அங்கே எல்லோரும் அதைப் 'புண்' என்பார்கள். வளரவிட்டால் மொத்தப் பிளாஸ்மாவும் அணைந்துபோகும். ஊசி மாதிரி மெல்லிய ரேடியோ அலையை நேராக அந்தப் புண்ணில் இறக்கினால் ஆறிவிடும் என்பது அவர் கணக்கு. அவள் சொன்னது இதுதான்: பிளாஸ்மாவின் விளிம்பு அமைதியாக இல்லை. கொதிக்கும் பாலின் ஓரத்தைப் போல நுரைத்துக்கொண்டே இருக்கிறது. ஒரு குமிழி அலையைக் கொஞ்சமே திருப்பும். ஆனால் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பித் திருப்பி, ஊசியாக நுழைந்த அலை புண்ணை அடையும்போது உள்ளங்கை அகலத்துக்குப் பரந்துவிடும். சூடு புண்ணைச் சுற்றிச் சிந்தும், புண்ணுக்குள் போகாது.

அத்தான் கடைசி வரை கேட்கவில்லை. "நுரையைப் பத்தி சோப்பு வாங்கும்போது பேசிக்கலாம்மா" என்றார். கூட்டமே சிரித்தது. சிரிப்பு ஓய்வதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். இருவர் பெயரிலும் போகவேண்டிய கட்டுரையில் அவள் எழுதிய பகுதி வெட்டப்பட்டு, வழுவழுப்பான விளிம்போடு அத்தானின் கணக்கு மட்டும் வெளியே போனது.

இரவு அத்தான் வீட்டில் சாப்பாடு. அவர் அதே நகைச்சுவையை அக்காவுக்குச் சொன்னார், நடித்தும் காட்டினார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த நேரம்தான் அவள் டம்ளரைக் கீழே வைத்தது.

மறுநாளிலிருந்து வளாகத்தில் அவளுக்கு 'நுரை' என்று பெயர். கேன்டீனில் காசு வாங்குகிறவர் வரைக்கும். அவளும் திரும்பிப் பார்த்தாள், பதில் சொன்னாள், புன்னகைத்தாள். உள்ளே கறுவிக்கொண்டே இருந்தாள். ஆண்டுகள் போனாலும் அது ஆறிய சோறாகவில்லை. பகலெல்லாம் அத்தான் சொன்ன கணக்கைப் போட்டாள். மிச்ச நேரத்தில் தன் கணக்கைத் திருத்தித் திருத்தி, அலை எத்தனை மடங்கு பரவும் என்று ஒரே ஓர் எண்ணுக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். அதை யாரிடமும் சொல்லவில்லை.

கடைசியில் அந்தக் காலை வந்தது. பணம் தரும் பெரிய மனிதர்கள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எதிரில் புண்ணை ஆற்றிக் காட்டப்போகிறார் அத்தான். புதுச் சட்டை. காலர் கழுத்தை அறுத்துக்கொண்டிருந்தது.

அந்தக் கட்டுப்பாட்டு அறைக்கு ஒரு வழக்கம் உண்டு. இயந்திரத்தை இயக்கும் முன் தலைவர் ஒவ்வொரு மேசையாகக் கேட்பார். மேசையில் இருப்பவர் வாய்விட்டு 'சரி' என்று சொல்ல வேண்டும். யாராவது ஒருவர் 'நிறுத்து' என்றால் போதும், காரணம் கேட்காமல் நிறுத்திவிடுவார்கள். இயந்திரம் வந்த நாளிலிருந்து யாரும் மீறாத வழக்கம்.

"காந்தம்?"

"சரி."

"கண்ணாடி?"

"சரி சார்" என்றார் கண்ணாடிக்காரர். அலையைத் திருப்பிவிடும் உலோகக் கண்ணாடியைக் கவனிப்பவர். மீசையைத் தடவியபடி, "முகம் பார்த்துத் தலைகூட வாரிக்கலாம்" என்று சேர்த்துக்கொண்டார்.

"நுரை?" என்றார் அத்தான். தடுப்புக்குப் பின்னால் ஒருவர் புரியாமல் சிரித்தார்.

அது அவளுடைய மேசை. 'நிறுத்து' என்று சொன்னால் அத்தான் தப்பித்துவிடுவார். திருத்திக்கொள்வார், திருத்தியதும் தன்னுடையது என்பார்.

"சரி சார்" என்றாள்.

சில நொடி வேலை. திரையில் இளஞ்சிவப்பு வெளிச்சம் வளையமாகப் படர்ந்தது. புண்ணைக் காட்டும் கோடு மெல்ல ஏறியது. அத்தான் கையை அசைத்தார், அலை உள்ளே போனது. கோடு இறங்கவில்லை. ஒரு கணம் யோசிப்பது போல நின்றது, பிறகு விறுவிறுவென்று ஏறியது. வெளிச்சம் அணைந்தது. தரை வழியாக ஒரு 'தொம்' வந்து எல்லோருடைய செருப்புக்கும் அடியில் முட்டியது.

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. அவளுக்கு நெஞ்சுக்குள் யாரோ குளிர்ந்த தண்ணீரை ஊற்றியது போலிருந்தது. அன்று மதியம் ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

மறுநாள் விசாரணைக் கூட்டம். இயக்குநர் அம்மா நடுவில். அத்தான் ராத்திரியோடு ராத்திரியாகத் தேறி, கண்ணாடிதான் காரணம் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார்.

"கணக்குல தப்பே இல்ல, மேடம். கண்ணாடி சாஞ்சிருக்கு. அலை வேற எடத்துல விழுந்திருக்கு."

"சார், நேத்து காலையில நீங்களே வந்து பார்த்துட்டு நல்லா இருக்குன்னு சொன்னீங்களே" என்றார் கண்ணாடிக்காரர். மீசைக்குக் கை போகவில்லை.

"அப்ப நல்லா இருந்துச்சு."

"அப்புறம் அதுவா நகர்ந்துச்சா?"

"அதைத்தான் உங்ககிட்ட கேக்கறோம்."

அவளுக்குப் பொறுக்கவில்லை. கண்ணாடிக்காரருக்காக என்று சொன்னால் பொய். கண்ணாடி சாய்ந்தது என்றாகிவிட்டால் அத்தானின் கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. அன்றைக்கு அவளுடைய வேலையை எடுத்துக் குப்பையில் போட்டார். இன்றைக்கு இந்தத் தோல்வியையும் அவளிடமிருந்து பிடுங்கி இன்னொருத்தர் தலையில் கட்டுகிறார். இவ்வளவு காலம் அடைகாத்தது இதற்கா?

எழுந்தாள்.

"கண்ணாடி சாயல, மேடம். சரியான எடத்துலதான் விழுந்துச்சு. ஆனா ஊசியா விழல, பரந்து விழுந்துச்சு. விளிம்புல இருக்கற கொந்தளிப்பு பரப்பிடுச்சு. பரவும்னு எனக்குத் தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"நுரைன்னு சிரிச்சாங்களே, அப்பலேர்ந்து."

இயக்குநர் அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "தெரிஞ்சும் நேத்து சரின்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"ஏம்மா?"

"இவர் விழணும்னு."

அத்தான் அவளைப் பார்த்தார். முதன்முறையாகப் பார்ப்பது போலத்தான் இருந்தது. அந்தப் பார்வையை அவள் ருசித்தாள்.

வெளியே தாழ்வாரத்தில் கண்ணாடிக்காரர் வழிமறித்தார். "எனக்காகப் பேசினீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. அப்படியா?"

"இல்ல."

"அதானே பார்த்தேன்" என்றார். "நேத்தே வாயைத் திறந்திருந்தா என் பொண்டாட்டி அழுதிருக்க மாட்டா. உங்க வீட்டுச் சண்டைக்கு என் மீசையா கிடைச்சுது?" அதற்குப் பிறகு அவர் அவளிடம் வேலை விஷயம் தவிர எதுவும் பேசியதில்லை.

கட்டுப்பாட்டு அறையில் அவளுடைய நாற்காலி போனது. இனி அந்த அறைக்குள் அவள் 'சரி' சொல்லக் கூடாது. பொருள் கிடங்குக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறை கொடுத்தார்கள். அத்தானின் தலைமைப் பொறுப்பும் அந்தரத்தில் தொங்கியது. அடுத்த முயற்சி பலித்தால்தான் அது திரும்பக் கிடைக்கும். அடுத்த முயற்சிக்கோ, அலை எத்தனை மடங்கு பரவும் என்ற எண் வேண்டும். அது அவளிடம் இருப்பது விசாரணையில் வெளியே வந்திருந்தது. "நீங்களே அவங்ககிட்ட கேட்டு வாங்கிக்கங்க" என்று இயக்குநர் அம்மா அத்தானிடம் சொல்லிவிட்டார்.

முதலில் அக்காதான் ஃபோன் செய்தாள்.

"என்னடி பண்ணி வெச்சிருக்கே? வீட்டு மனுஷனைச் சபையில நிக்க வெச்சு..."

"என்னை அவர் எங்க நிக்க வெச்சாராம்?"

"அது கிண்டல்டி."

"இதையும் அப்படியே நெனைச்சுக்க."

"சாப்பிடவே மாட்டேங்கறார். ரெண்டு நாளா மோர் மட்டும்தான்."

"மோர் உடம்புக்கு நல்லது."

அக்கா ஃபோனை அத்தானிடம் கொடுத்தாள். தொண்டையைச் செருமும் சத்தம்.

"அது... விளிம்புல அலை பரவறதுக்கு ஒரு கணக்கு போட்டிருந்தியாமே."

"ஆமா அத்தான்."

"எவ்வளவு வருது?"

எண் நாக்கு நுனியில் இருந்தது. அவள் அதை விழுங்கினாள்.

"ஃபோன்ல வேணாம். திங்கட்கிழமை மொத்தக் கூட்டம் இருக்கில்ல, அதுல எழுந்து கேளுங்க. சொல்றேன்."

அவர் ஃபோனை வைப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"அக்காவையும் கூட்டிட்டு வாங்க. பார்வையாளர் சீட்டுக்கு நானே சொல்லி வைக்கறேன்."

திங்கட்கிழமை வந்தார்கள். அக்கா கடைசி வரிசையில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தங்கையைப் பார்க்காமல் உட்கார்ந்தாள். கூடத்தின் அத்தனை பேரும் இருந்தார்கள். அத்தான் எழுந்தார். அலை எத்தனை மடங்கு பரவும் என்று கேட்டார்.

அவள் பலகை முன்னால் போய் நின்றாள். எண்ணை மட்டும் எழுதிவிட்டு இறங்கியிருக்கலாம். முதலிலிருந்து தொடங்கினாள். விளிம்பில் குமிழிகள் எப்படிப் பிறக்கின்றன, எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கின்றன, ஒவ்வொன்றும் அலையை எவ்வளவு சாய்க்கிறது என்று ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி, ஒரு படியையும் தாண்டாமல். நடுவில் தண்ணீர் குடித்தாள். யாரோ கேட்ட சின்னக் கேள்விக்குப் பெரிய பதில் சொன்னாள்.

அத்தான் நின்றுகொண்டே இருந்தார். கேள்வி கேட்டவர் பதில் முடியும் வரை நிற்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஆனால் உட்காரும் நேரம் எது என்று அவருக்குப் பிடிபடவில்லை. அவருக்கு முட்டி வலி உண்டு, மாடிப்படி ஏறினாலே முனகுவார். இப்போது உடம்பின் எடையை வலது காலுக்கு மாற்றினார், பிறகு இடது காலுக்கு. கடைசி வரிசையிலிருந்து அக்கா நிமிர்ந்து தங்கையைப் பார்த்தாள். அந்தப் பார்வை என்ன கேட்கிறது என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

திரும்பி, பலகையில் அடுத்த வரியை எழுத ஆரம்பித்தாள்.